வெயில் தின்னும் கால்குலேட்டர்

ஏற்காடு,
நவம்பர் 1986

அன்புள்ள மாப்பிள்ளை மரியஜோசப் அவர்களுக்கு, குவைத்தில் தாங்கள் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டி, உங்கள் அக்கா புருஷன் பாக்கியநாதன் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்கா இன்பமேரியும், எங்களிடம் தங்கிப் படிக்கும் உங்கள் மகள் சாந்தாமேரியும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

தாங்கள் அனுப்பிய கால்குலேட்டர் வந்து சேர்ந்தது. பேட்டரியே வேண்டாம், வெளிச்சத்திலேயே ஓடும் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். ஏனுங்க மாப்பிள்ளை, துவைச்ச வேட்டி காயறதுக்கே வாரக்கணக்காகிற ஊருக்கு வெயில்ல ஓடுற பெட்டியையா அனுப்புவாங்க? நம்ம சாந்தா அதை ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டாந்து நேரா என் மேசைமேல வெச்சா. கணக்குல எப்பவும் முதல் மார்க்கு வாங்குறவளுக்கு இது எதுக்கு, அப்பன் வெளிநாடுன்னு பகட்டு காட்டறாளாக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்கே பிடிச்சது சனியன். நான் கரும்பலகையில கணக்கு எழுதி முடிக்கறதுக்குள்ள அத்தனை பிள்ளைங்களும் மேசையைச் சுத்தி நிக்குதுங்க. அந்நேரம் பார்த்து மூடுபனி ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு, பெட்டியில இருந்த நம்பரெல்லாம் மாயமாப் போச்சு. "ஐயோ சார், கணக்கு செத்துப்போச்சுங்க!" ன்னு ஒரே கூப்பாடு. செம்மநத்தத்துப் பையன் வெள்ளையன், "வெயில் எங்கியாச்சும் இருக்கும், காட்டிட்டு வந்தர்றனுங்க சார்" ன்னு பெட்டியைத் தூக்கிட்டு ஓடினவன், ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் வெயிலைத் தேடிப் போயிட்டு, மத்தியானச் சோத்துக்கு அப்புறம் வட்டிக் கணக்குக்கு விடையோட வந்தான். அதுக்குள்ள நான் வரலாறு வாத்தியாருக்கு வகுப்பை விட்டுட்டு வந்தாச்சு.

உங்கக்கா சும்மா இருந்தாளா? வெயில் பட்டாத்தான் அதுக்கு உசுருன்னு யாரோ சொல்லக் கேட்டு, காப்பிக்கொட்டை காயற களத்துல அதையும் சேத்துக் காயப்போட்டுட்டா. மழை தூத்தல் போட்டதும் கொட்டையோட அதையும் வாரி மூட்டை கட்டியாச்சு. மூட்டை மூட்டையா அவுத்துக் கொட்டித் தேடி எடுத்ததுல எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டது.

அதெல்லாம் போகட்டுமுங்க. நேத்து தலைமையாசிரியர் அண்ணாதுரை என் வகுப்பைப் பார்க்க வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துட்டார். முப்பத்தேழை இருபத்தெட்டால பெருக்கி ஆயிரத்து நூத்தி முப்பத்தாறுன்னு எழுதினேன். கிளியூர்ப் பிள்ளை கண்ணாயி எழுந்து, "சார், பெட்டியில நூறு கம்மியா வருதுங்க" ன்னு சொல்லிருச்சு. முப்பது வருசமா கணக்கு வாத்தியார்னு சொன்னாத்தான் இந்த ஊருல என்னைத் தெரியும். அடுத்த வருசம் கணக்கைப் பிடுங்கிட்டு தோட்டவேலை வகுப்பைத் தலையில கட்டிருவாங்களோன்னு பயந்துட்டேன். நல்லவேளையா நம்ம சாந்தா எழுந்து, "பனியில இந்தப் பெட்டி தப்புத்தப்பாக் காட்டுதுங்க சார், உங்க கணக்குத்தான் சரி" ன்னா. தலைமையாசிரியரும் தலையாட்டிட்டுப் போனார்.

ஆகவே மாப்பிள்ளை, வாத்தியார் மானத்தை வாங்குகிற இந்தச் சாமானைத் தாங்கள் கிறிஸ்துமஸுக்கு வரும்போது திரும்ப எடுத்துப் போய்விடவும். இனிமேல் இம்மாதிரி எதையும் அனுப்பி எங்களைச் சோதிக்க வேண்டாம். மாதா தங்களுக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்வாளாக.

இப்படிக்கு,
பாக்கியநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்கு முன்னால அந்தக் கணக்கைப் பேப்பர்ல ஒருக்கா போட்டுப் பார்த்தேன். பெட்டி சொன்னதுதான் சரிங்க. இது முதல் தடவையுமில்லை. கொஞ்ச நாளாவே எட்டாம் வாய்ப்பாடு பாதியில நின்னுபோவுது. "பனியில பெட்டி தப்பாக் காட்டுமா கண்ணு?" ன்னு சாந்தாவைக் கேட்டேன். "காட்டாதுங்க மாமா. உங்களுக்காகத்தான் அப்பாகிட்ட கேட்டு வாங்கினேன்" ன்னு சொல்லிட்டு, என் முகத்தைப் பார்க்காம உள்ள போயிட்டா. எனக்கு நொம்ப அழுகை வந்துருச்சு மாப்பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது சட்டைப்பையில அடங்கறாப்புல, பேட்டரி போட்டது ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பனி இறங்கினா இதுவும் என்னை மாதிரியே மறந்துபோயிருது. உங்கக்காவுக்குத் தெரிய வேண்டாம்.