சைகோன் முசேயும் பதினோரு சண்டை மீன்களும்

வீட்டில் கொசு வளர்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் முத்தியால்பேட்டையில் எனக்கு எதிர்வீடு. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன மறுவருஷம், அவர்களுடைய பட்டாளத்தில் இருந்த இவர் சைகோனிலிருந்து பென்ஷனோடு வந்து சேர்ந்தார். அதனால் தெரு வைத்த பெயர் சைகோன் முசே; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

கூடவே ஒரு ஜோடி சண்டை மீனும் வந்தது. அது பெருகிப் பதினொன்றானது. ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும் என்பதால் ஆளுக்கொரு மிட்டாய் பாட்டில், நடுவில் அட்டை. காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் அட்டைகளை எடுப்பார். மீன்கள் செவுளை விரித்து ஒன்றையொன்று முறைக்கும். முசே இதைப் பரேடு என்பார்.

"ஒரே ஒரு தபா ஒண்ணா வுட்டுப் பாக்கலாமே முசே" என்று தெருவே கேட்டது.

"நான் பாத்த சண்டையெல்லாம் போதும். போய் வேலயப் பாரு."

குருசுக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா ஒருநாள் பாட்டிலை உற்றுப் பார்த்தாள். "இன்னா முசே, ஒரு வாய் கொழம்புக்குக்கூட ஆவாது போலக்குதே."

முசே கால் மணி நேரம் பிரெஞ்சில் பதில் சொன்னார். கோபம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சுதான் வரும். தெருவில் அது புரிந்த ஒரே ஆள், பத்திரம் எழுதும் நொத்தேர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நான்.

மீன்களுக்குத் தீனி கொசுப்புழு. அதற்காகவே பின்கட்டில் ஒரு தொட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார். மீன்கள் தின்றது போக மீதிப் புழுக்கள் இறக்கை முளைத்து எங்கள் வீடுகளுக்கு வந்தன. தெருவே சொறிந்தது. தெருவின் சார்பில் சுகாதார இலாகாவுக்கு மனு எழுதியவன் நான்தான். நன்றாகவே எழுதியிருந்தேன்.

மெட்ராஸ் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரி, இரண்டு ஆட்களோடு வந்து நின்றார்.

"தேங்கின தண்ணி எல்லாத்தையும் கொட்டுங்க. அந்தப் பாட்டிலையும்தான்."

பாட்டிலைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. முசே விறைப்பாக நின்று பிரெஞ்சில் ஆரம்பித்தார். முகம் சிவந்தது, குரல் ஏறியது.

"சர்க்காரையே திட்றாரு பாரு" என்றார் பக்கத்து வீட்டு மில்காரர், பெருமையாக.

அவர் திட்டவில்லை, கெஞ்சினார். வீட்டில் தனக்கு வேறு யாரும் இல்லை என்றார். காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றார். தெரு முன்னால் அதைத் தமிழில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"என்னய்யா சொல்றாரு?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"தொட்டிய கொட்டிக்குங்க சார். பாட்டில்ல கொசு முட்ட வச்சாலும் மீனே புழுவத் தின்னுடும்னு சொல்றாரு."

தொட்டி மட்டும் கவிழ்ந்தது.

சர்க்காரைத் திட்டி மீனைக் காப்பாற்றியவர் என்று தெரு அவரைப் பல வருஷம் கொண்டாடியது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுவாரமே தொட்டி நிறைந்தது, கொசுவும் வந்தது. இன்னொரு மனு எழுதச் சொன்னார்கள். பேனாவில் மை இல்லை என்றேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.