வீட்டுக்காரம்மாவிடம் பேசப் போனவர்

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தலையே போனாலும் சரி, அந்தப் புது அபார்ட்மெண்டுக்குக் குடிபோவதில்லை. அதை மனைவியிடம் சொல்லும் தைரியம் மட்டும்தான் பாக்கி. அது கல்யாணமான நாளிலிருந்தே பாக்கி.

இப்போதிருக்கும் வீடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒரு சலூனுக்கு மேல் மாடியில் இருந்தது. ஹாரன் சத்தத்தில் ஜன்னல் கதவெல்லாம் ஆடும். ஆனால் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் சலூனில் கேரம் போர்டு காத்திருக்கும். அந்தக் கேரமுக்காகத்தான் மனிதர் பகலெல்லாம் ஊரார் கண்ணைச் சோதித்தார். மனைவிக்கோ ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க டெலிபோன் எடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்பதைத் தவிர அவள் எதையும் கேட்டதில்லை. சந்தடியில்லாத தெருவில், பெயிண்ட் வாசனை போகாத அந்த இரண்டாம் மாடி வீட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை இவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவிட்ச் போர்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லையே என்று குறை சொன்னார்.

வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் குடியிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சத்தம் ஆகாது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருந்தார். அந்த யோசனைக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாமே என்று நம் ஆள் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நான் போய் அந்தம்மாகிட்ட பேசிட்டு வரேன்."

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா பேசிட்டு வாங்க" என்றாள்.

வீட்டுக்காரம்மா டீ கொடுத்து உட்கார வைத்தார். இவர் குரலைத் தாழ்த்தி, பின்னால் பேச்சு வரக்கூடாது, இப்போதே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். தன் மனைவி பெரிய சண்டைக்காரி என்றார். அந்தம்மா அசரவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார். பாடம் படிக்காமல் எழுந்து நின்ற பையனைப் போல இவர் இழுத்துக்கொண்டே போனார். அவள் போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்களே காலி செய்துகொண்டு ஓடிவிட்டார்களாம். கோபம் வந்தால் பாத்திரம் பறக்குமாம். அதைச் சொல்லும்போது, போன மாதம் தான் காய்ச்சலில் கிடந்ததும், அவள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தன. வெட்கமாகத்தான் இருந்தது. வாய்தான் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் கேரமில் ஒரு காய்கூட விழவில்லை.

மறுநாள் மனைவி கை நிறைய அட்டைப்பெட்டிகளோடு வந்தாள். வீடு கிடைத்துவிட்டதாம், சாவி வாங்கப் போகணுமாம். இவர் ஒரு பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"அந்தம்மா சரின்னுட்டாங்களா?"

"உடனே சரின்னுட்டாங்க."

வீட்டுக்காரம்மா சாவியை மனைவியின் கையில் வைத்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "மேல பாத்திரம் பறந்தா ஒரு குரல் குடுங்க தம்பி, ஓடி வரேன்" என்றார். மனைவி சிரிக்கவில்லை. இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியேறினார். லிஃப்ட் இருந்தது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவள் முகத்தைப் பார்த்தபடி நிற்க முடியாது என்று தோன்றியது.

மேலே அவள் சமையலறை ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்புதான். மன்னிச்சிடு" என்றார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க அந்தச் சட்டையை எடுத்தப்பவே தெரியும். நீங்க தெருமுனை தாண்டுறதுக்குள்ள அவங்களுக்கு போன் பண்ணிட்டேன்."

"என்னன்னு?"

அவள் ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்தாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அவருக்குத் தன் மூச்சு தனக்கே கேட்டது.

"இவருக்கு அந்தக் கேரமை விட்டு வர மனசில்ல. ஆனா என்னைப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொன்னார்னா, வீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க, நான் அந்த சலூன் மாடியிலயே இருந்துக்கறேன்னு சொன்னேன்."