செம்பு வாஷரும் மச்சானின் பென் டிரைவும்

இந்த ஞாயிற்றுக்கிழமை மூலக்குளம் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

மூலக்குளத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. அங்கே என் மனைவி பூர்ணிமாவின் அண்ணன் பிரேம்குமார் இருக்கிறார். பிரான்சில் வெகுகாலம் இருந்துவிட்டு, திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டவர். சாப்பாடு அமர்க்களமாகப் போடுவார். நாம் கையலம்பி வருவதற்குள் டிவியில் பென் டிரைவைச் சொருகிவிடுவார். பாரிஸ் போட்டோ. ஈபிள் டவரின் இடது கால், வலது கால், இரண்டுக்கும் நடுவில் மச்சான். போன தடவை நான் கண்ணயர்ந்துவிட்டேன். நல்ல மனுஷர், எழுப்பி முதலிலிருந்து போட்டார்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். எங்கள் பழைய டீசல் ஜீப்பில் கொஞ்ச நாளாகவே டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. டீசல் பைப்பை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர் உண்டு. போல்ட்டை முடுக்கினால் வாஷர் நசுங்கி ஒழுகாமல் அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கியது அப்புறம் உதவாது; புதுசு போடவேண்டும். ஏறக்குறைய புருஷன் மாதிரிதான். என்ன, புருஷனைப் புதுசாக மாற்றமாட்டார்கள். நசுங்கியதையே நசுக்குவார்கள்.

ஞாயிறு காலை பைப்பைக் கழற்றிப் போட்டேன். கையெல்லாம் டீசல். மூக்கில் ஒரு கோடு கிரீஸ், நானே இட்டுக்கொண்டது. உள்ளே போனேன்.

"பூர்ணிமா, வாஷர் போயிடுச்சு!"

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு. ஆனா போயிடுச்சு."

"காலையிலயே ஏங்க இப்படிப் பேசறீங்க?"

"கெட்டுப்போச்சும்மா. புதுசு போடணும். பாண்டி முழுக்கக் கேட்டுட்டேன், கெடைக்கல. மெட்ராஸ்லேருந்துதான் வரணும்."

"அப்ப அண்ணன் வீடு?"

"எனக்கு மட்டும் வர ஆசை இல்லையா?"

"பஸ்ல போலாமே."

"பிரிச்சுப் போட்ட வண்டிய தெருவுல விட்டுட்டா? எவனாவது ஓட்டிட்டுப் போயிட்டா?"

"ஓடாத வண்டியவா?"

"நீ போய்ட்டு வாம்மா. நான் காவல் இருக்கேன்."

என் மூக்குக் கிரீஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க" என்று போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். நானோ ஃபேனை முழு வேகத்தில் வைத்துக் கட்டிலில் சாய்ந்தேன். ஆஹா!

வாசலில் ஆட்டோ சத்தம். அதன் பின்னால் ஒரு கார்.

முதலில் மீன் குழம்புச் சட்டியோடு மாமியார் இறங்கினார். "வர முடியலன்னு துடிச்சுப் போயிட்டீங்களாமே மாப்ள? பூர்ணி போன்ல சொன்னா. மனசு கேக்கல, எல்லாரும் வந்துட்டோம்."

பின்னால் மச்சான். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை உருவினார். "வுவாலா! இதோ பாருங்க! இந்தத் தடவ மர்சே ஊரு போட்டோவும் சேத்துட்டேன் மாப்ள."

தப்பிக்க ஒரே வழி ஜீப்தான். அது ஓடினால் நானும் ஓடிவிடலாம். ஆனால் வாஷர்தான் பாண்டியிலேயே இல்லையே, என் வாயாலேயே சொல்லிவிட்டேனே!

பூர்ணிமா அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "இங்க பாண்டியிலயே, தட்டாஞ்சாவடியில நேத்தே வாங்கிட்டேங்க. வாசல்ல டீசல் நாத்தம் தாங்கல. மொதக் கடையிலயே இருந்துச்சு."

நான் அவமானப்படவில்லை. அதற்கு நேரமில்லை. பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பழைய வாஷர் இரண்டையும் சுரண்டி எடுத்து, இடத்தைத் துடைத்து, புதுசை வைத்து முடுக்கினேன். சாவியைத் திருப்பினால் இன்ஜின் இருமியது, கிளம்பவில்லை. பைப்பைக் கழற்றியதில் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. மாமியார் வீட்டார் மொத்தமும் சுற்றி நின்று யோசனை சொல்ல, காற்று வெளியேற ஒரு திருகாணியைத் தளர்த்திவிட்டு, டீசல் ஏற்றும் கைப்பம்பை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். மச்சான் டார்ச் பிடித்தார். நுரை நுரையாகக் காற்று வெளியேறி, சுத்த டீசல் வந்தது. திருகாணியை முடுக்கித் திரும்பவும் சாவி. டடடடடட! தெருவே புகை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கைதட்டல்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று கியரைப் போட்டேன். ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் காலாப்பட்டு வரைக்கும் ஒரு ரவுண்டு என்பது என் கணக்கு.

மச்சான் பானெட்டின் மேல் கை வைத்து மறித்தார். கண் கலங்கியிருந்தது.

"இவ்ளோ கைவேலை தெரிஞ்ச மாப்ளய வச்சுக்கிட்டு நான் மெக்கானிக்கத் தேடி அலையறேனே! என் காரும் இதே மாதிரிதான் ஒழுகுது. மாடியில ஜெனரேட்டரும் ஒழுகுது. வில்லியனூர்ல சித்தப்பா டிராக்டரு கேக்கவே வேணாம்."

பூர்ணிமா முந்திக்கொண்டாள்.

"அதுக்கென்னண்ணா, வாராவாரம் வெள்ளிக்கெழமையே இவரக் கொண்டாந்து விட்டுடறேன், ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்பு."