பதினோராம் பாடம், தொலைபேசியில் பேசுவது

கோச்கோர்,
செப்டம்பர் 19, வெள்ளி

அளவற்ற அருளாளன் பெயரால் தொடங்கி, தலாஸிலிருக்கும் மரியாதைக்குரிய மூத்தார் அவர்களுக்கு, தம்பி வீட்டுக்காரி அனார்குல் சலாம் கூறி எழுதுவது. உங்கள் உடம்பு, அக்காவின் முழங்கால், பிள்ளைகள், குதிரைகள், போன குளிரில் ஒழுகிய கூரை எல்லாம் நலமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெயரை நான் வாயால் சொல்லவும் கூடாது, கையால் எழுதவும் கூடாது என்பதால் உறையின் மேல் பெர்மெத்தை எழுதச் சொல்லியிருக்கிறேன். அவள் மரியாதைக் குறைவாக ஏதாவது எழுதியிருந்தால் அது அவள் தப்பு.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்களைச் சரியாக எழுதிவிடுகிறேன், பின்னால் ஆளுக்கொன்று சொல்வார்கள். உங்கள் அம்மா, அடுப்புக்குப் பக்கத்தில், தஸ்பீஹ் மணியோடு. சம்பந்தியம்மா சைரா, வாசலுக்கு எதிரே மரியாதை இடத்தில், முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்கியவர். என் மகள் பெர்மெத், தேநீர் ஊற்றிக்கொண்டு. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர் மீரிம், இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகாதவள், என் பக்கத்தில் புத்தகத்தோடு. நான். இருமல் பிடித்த ஆட்டுக்குட்டி ஒன்று கம்பளத்தின் ஓரத்தில், அதையும் சேர்த்தால் ஆறு. போன் என் கையில், உங்கள் அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில். வேறு யாராவது தாங்களும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இது எப்படி வந்தது என்றால், ஜூன் மாதத்திலிருந்து உங்கள் தம்பி கைப்பேசியை எடுப்பதில்லை. ஏழு வருடமாக சிகாகோவில் பெரிய லாரி ஓட்டுகிறவர், வழியில் சிக்னல் இருக்காது, வந்ததும் தூங்குவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மாதாமாதம் அனுப்புவது இன்றுவரை தவறவில்லை, அதில் குறை சொன்னால் என் நாக்குத்தான் அழுகும், ஆனால் அனுப்புகிற காசுக்கு வாய் கிடையாதே. ஒரு நாள் பொறுக்க முடியாமல், பழைய போட்டோ ஒன்றின் பின்னால் அவரே எழுதிவைத்திருந்த வீட்டு நம்பரைப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். இங்கிலீஷில் என்னமோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அன்பான குரல், அதுதான் எனக்கு உறுத்தியது. பயந்து வைத்துவிட்டேன். அவள் என்ன கேட்டாள் என்று தெரியாமல் நாலு நாள் ரொட்டி மாவில் உப்புப் போட மறந்தேன், உங்கள் அம்மா ஒன்றும் சொல்லாமல் தின்றார். இதைப் போய் யாரிடம் கேட்பது? பெர்மெத்திடம் கேட்க முடியுமா? ஆகவே நானே படித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மேய்ச்சல் மலைக்குப் போகும் வெள்ளைக்காரர்களை வீட்டில் தங்க வைக்கும் பெண்களுக்காக மீரிம் பள்ளிக்கூடத்தில் வாரம் இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறாள். நானும் ஆள் தங்க வைக்கப் போகிறேன் என்று சொல்லிச் சேர்ந்தேன். "உன் வீட்டுல எங்கடி தங்க வைப்ப, ஆட்டுக்குட்டியோட ஜோடியாவா?" என்று கூடப் படிக்கும் சோனுன் கேட்டாள், மற்ற பத்துப் பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சொற்களுக்கும் கணக்கு வைத்தேன்: முதல் வாரம் வரவு முப்பத்தொன்று, மறதி இருபத்திரண்டு, கையிருப்பு ஒன்பது. புத்தகத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு வயலும் இல்லை, மாடும் இல்லை, பூனை மேசைக்கு அடியில் இருக்கிறதா நாற்காலிக்கு மேல் இருக்கிறதா என்று காலையிலிருந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு 'ஹவ் ஆர் யூ' வந்தது. மீரிம் சோனுனைக் கேட்டாள். சோனுன் தன் சிறுநீரகக் கல்லில் தொடங்கி, கன்று ஈனாத பசு, ரஷ்யாவுக்குப் போன மருமகன் வரைக்கும் நம் பாஷையில் சொல்லி அழுதாள், நாங்களும் அழுதோம். மீரிம், "அக்கா, அக்கா, இதுக்குப் பதில் 'ஃபைன், தேங்க் யூ'. அவ்வளவுதான். யாரும் உண்மையைக் கேக்கல" என்றாள். "அப்ப பொய் சொல்லணுமா?" என்று நான் கேட்டேன். "பின்னாடி அல்ஹம்துலில்லாஹ் சேத்துக்கலாமா?" அவள் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். அதற்கப்புறம்தான் என் மனசு ஆறியது.

ஐந்தாம் பாடத்தில் பெரிய இடறல் வந்தது. 'என் கணவரின் பெயர்' என்று எழுதி, பக்கத்தில் கோடு போட்டிருந்தது. பதினோரு பேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆடு மேய்க்கிறவர் என்றாள் ஒருத்தி, ஆற்றங்கரை வீட்டுக்காரர் என்றாள் இன்னொருத்தி, சோனுன் நேரே 'என் கணவரின் பெயர் கணவர்' என்றாள். மீரிமுக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, இது பாடம்! இங்கிலீஷ்ல சொன்னா பாவம் ஒட்டாது!" "உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் நாங்க வந்து உன்னைக் கேக்கறோம்" என்றாள் சோனுன். இருபத்து நாலு வருடமாக அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. அதே பெயருள்ள கடைக்காரரைக்கூட 'அரிசிக்காரர்' என்றுதான் சொல்வேன், அவர் அரிசி விற்பதை நிறுத்தி ஆறு வருடமாகிறது.

பதினோராம் பாடம் தொலைபேசி. யார் பேசுவது, யார் வேண்டும், மன்னிக்கவும், நன்றி, எல்லாம் அதில் இருக்கிறது. அதைக் குர்ஆன் சூரா போல மனப்பாடம் செய்தேன். இன்னும் இரண்டு வாரம் ஒத்திகை பார்க்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியம்மா வந்துவிட்டார். வசந்தத்தில் பெர்மெத்தின் காதில் நிச்சயத் தோடு போட்டுப் போனவர், இப்போது பேச்சு பேச்சாக இருக்கும்போதே அந்தத் தோட்டைப் பார்க்கிறார். "அக்டோபர் பன்னெண்டுன்னு நாள் வச்சாச்சு. அப்பன் வருவாரா? எங்க பக்கம், அப்பன் உசிரோட இருக்கும்போது அவர் கை ஏந்தி ஆசி சொல்லாம பொண்ணை ஏத்திட்டுப் போற வழக்கமில்ல. சும்மா கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க." "வருவான், வருவான்" என்றார் உங்கள் அம்மா. "அப்ப போன் போட்டுக் கேட்டுடலாமே. நான் இருக்கும்போதே கேட்டா எனக்கும் திருப்தி." கைப்பேசியைப் போட்டோம், எடுக்கவில்லை. பெர்மெத் நிரம்பிய கிண்ணத்திலேயே மறுபடி தேநீர் ஊற்றினாள், நான் பார்த்தேன். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, மூத்தாரே. ஆப்பிள் பறிக்கும் காலம் முழுக்க இருவரும் போனில் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். வேறு வழியில்லாமல் அந்தப் போட்டோவை எடுத்து, மீரிமுக்கு ஆள் அனுப்பிவிட்டு, பிஸ்மில்லா சொல்லி வீட்டு நம்பரைப் போட்டேன்.

அதே பெண் எடுத்தாள். அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம் என்பதால் நான் பாடத்தில் உள்ளபடி மாலை வணக்கம் சொன்னேன், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே நல்லபடியாக இருப்பதாகச் சொன்னாள். உங்கள் அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார், அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். அவள் யார் பேசுவது என்றாள், சொன்னேன். யார் வேண்டும் என்றாள். கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. எதிரே அவரைப் பெற்றவர் உட்கார்ந்திருக்கிறார், நான் எப்படிச் சொல்வேன்? கணவர் என்று சொன்னால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்றும் ஒரு பயம். "ஹி," என்றேன். "ஹி. டிரைவர்." அவள், ஓ, என்று சொல்லி, அந்தப் பெயரைச் சொல்லி, அவரா வேண்டும் என்றாள். மூத்தாரே, நான் இருபத்து நாலு வருடம் சுற்றிச் சுற்றி வழிவிட்டு நடந்த பெயர். அதை அவள், கெட்டில் கொதிக்கிறது பார் என்று சொல்வது போல, உள்ளே பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள். இரண்டு தரம். "இருக்கான்! வீட்டுல இருக்கான்!" என்று உங்கள் அம்மா கை தட்டினார். அப்போது ஒரு சின்னக் குழந்தை, மூன்று வயதிருக்கும், அதுவும் அவரைக் கூப்பிட்டது. பெயர் சொல்லி இல்லை. அது கூப்பிட்ட சொல் எங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, மேலே மீசை வைத்த ஒருவரின் படம் போட்டு. முதல் வாரக் கையிருப்பு ஒன்பதில் அதுவும் ஒன்று. மீரிம் சட்டென்று குனிந்து ஆட்டுக்குட்டியைத் தடவ ஆரம்பித்தாள்.

அவர் வந்து போனை வாங்கினார். பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலிருந்து தெரியும். "ஹலோ?" என்றார். எனக்கு நம் பாஷை வரவில்லை. ஒரு அறை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். உலகத்திலேயே எங்கள் இருவருக்கும் மறைவாகப் பேசக் கிடைத்த இடம் அந்தப் பாஷைதான். "குட் ஈவினிங், சார்," என்றேன். "பெர்மெத் மேரேஜ். அக்டோபர். யூ கம்?" அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நான் ஐந்து வரைக்கும் எண்ணினேன். பிறகு அவர், "சாரி. ராங் நம்பர்" என்றார், ரொம்ப மெதுவாக, ஒரு வெளியாளிடம் சொல்வதை விட மரியாதையாக. அதுவும் பாடத்தில் இருக்கிறது. அதற்கு என்ன பதில் என்பதும் இருக்கிறது. தொந்தரவுக்கு மன்னிக்கவும், நன்றி, இந்த மாலை உங்களுக்கு இனியதாக அமையட்டும் என்று மூன்று வாக்கியமும் விடாமல் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். மீரிம் என் காதோரம், "உச்சரிப்பு சரியா இருந்துச்சு அக்கா" என்றாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்ன சொன்னார்?" என்று சம்பந்தியம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் சொன்னேன். லாரி முதலாளியின் வீட்டில் தங்கியிருக்கிறார், எடுத்தது முதலாளியின் மனைவி, அது அவர்கள் குழந்தை. அக்டோபரில் லாரியை விட்டுவிட்டு வர அனுமதி இல்லை. அதனால் என் இடத்தில் அண்ணன் உட்கார்ந்து ஆசி சொல்லட்டும், அவர் கை என் கை என்று சொல்கிறார். எல்லோருக்கும் சலாம். "அவர் ரெண்டு வார்த்தைதானே பேசினார், அதுல இவ்வளவா?" என்றார் சம்பந்தியம்மா. நான் விழிப்பதற்குள் உங்கள் அம்மாவே, "இங்கிலீஷ் சுருக்கமான பாஷை, தாயே. மருந்துச் சீட்டு பாத்ததில்ல? ரெண்டு கோடு கிழிச்சிருப்பான், கடைக்காரன் ஒரு பை மருந்து எடுத்துத் தருவான்" என்று சொல்லி, மகனுடைய சலாமுக்கு உரக்கப் பதில் சலாம் சொன்னார். சம்பந்தியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரியவர் உக்காந்தா எங்களுக்கும் கௌரவம்தான்" என்று சொல்லி இன்னொரு கிண்ணம் தேநீர் கேட்டார். பெர்மெத் ஓடிப்போய் ஊற்றினாள்.

பிறகு எண்ணிப் பார்த்தேன். மொத்தம் ஆறு பொய். அத்தனையும் அவரைப் பெற்ற தாயின் முன்னால் சொன்னது. பொய்க்கு ஒன்றாக ஆறு நோன்பு வைப்பதாக நேர்ந்துகொண்டேன், இரண்டு முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை தலாஸ் மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், போனில் சொன்னால் உங்கள் வீட்டில் ஏழு பேர் கேட்பார்கள். உங்கள் தம்பியை நீங்கள் திட்ட வேண்டாம், சாபமும் வேண்டாம், அந்தக் குழந்தை என்ன செய்யும். உங்களிடம் நான் கேட்பது, பன்னிரண்டாம் தேதி வந்து அவர் இடத்தில் உட்கார்ந்து, எங்கள் பிள்ளைக்காகக் கை ஏந்த வேண்டும். என் பொய்யை நீங்கள்தான் மெய்யாக்க வேண்டும். இன்னொன்று, காலில் விழுந்து கேட்கிறேன், உங்கள் அம்மாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. இந்த வயதில் தாங்க மாட்டார். அவர் கை தட்டியது என் கண்ணிலேயே நிற்கிறது.

உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் வாசல் அடைபடாமல் இருக்கட்டும், அக்காவுக்கு முழங்கால் மடங்கட்டும் என்று துஆ கேட்கும்,
அனார்குல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கிண்டிக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பெரியவனுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "சிகாகோ சங்கதியா?" நான் பசையையே கிண்டிக்கொண்டிருந்தேன். "எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வருஷமாச்சுடி மருமகளே. பெரியவன்தான் வந்து சொன்னான். அவளுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டா, நீயும் வாயைத் திறக்காதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனான்" என்று சொல்லி, என் கையிலிருந்த கரண்டியை வாங்கி மீதிப் பசையை அவரே கிண்டினார். ஆகவே மேலே எழுதியிருப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான், படிக்காவிட்டாலும் பரவாயில்லை. பன்னிரண்டாம் தேதி வருகிறீர்களா, இல்லையா? அதற்கு மட்டும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.