கல்லில் மூன்றாவது பேர்

பட்டாபிராம்,
9-8-1947, சனிக்கிழமை.

கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் உழைத்துப் பூமிக்கு மேலே பெண்டு பிள்ளைகளுடன் சுகமாக வாழும் சிரஞ்சீவி மைத்துனன் சம்பத்துக்கு, உன் அக்காள் புருஷன் கோதண்டம் மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் உன் அக்காள் வரலட்சுமி சௌக்கியம். கறவை மாடு சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. அவ்விடத்து சௌக்கியங்களுக்கு உடனே பதில் போடவும். போடும்போது, போன மாதம் நீ வந்து திரும்பிய பிறகு என் குடையைக் காணாமல் நான் தேடியதையும் மனதில் வைத்துக்கொண்டு போடவும். நான் யார் மேலும் பழி சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

விஷயம் என்னவென்றால், ரயில்வே கேட்டில் இருபத்தெட்டு வருஷம் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் பிடித்து மரியாதையாக ரிட்டயரான நான், இனி இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆகையால் அங்கேயே ஒரு வீடு பார். சின்ன வீடாக இருந்தாலும் பாதகமில்லை, பக்கத்தில் கல் இருக்கக்கூடாது. கல் என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.

நீ வந்தபோது கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு கருங்கல் படுத்துக் கிடந்ததே, அதன்மேல் உட்கார்ந்துதான் நீ பீடி குடித்தாய், அந்தக் கல்தான். யுத்த காலத்தில் ஆவடியில் பட்டாளத்தார் நம் நிலங்களை எடுத்துக்கொண்டு எல்லைக்கு நட்ட கற்களில் மிச்சமானது. யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத நம்மூர் ஆட்கள் மூன்று பேர், சின்னசாமி, வேம்புலி, பெஞ்சலய்யா. மூவர் பேரையும் அந்தக் கல்லில் வெட்டி, வருகிற பதினைந்தாம் தேதி கொடி ஏற்றுகிற அன்றைக்கே திறந்துவிடுவது என்று கமிட்டி போட்டு, என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். வேண்டாம் என்று உன் அக்காள் சொன்னாள். அவள் சொல்லி நான் என்றைக்குக் கேட்டேன்?

வேண்டாம் என்று நான் ஏன் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும். பெஞ்சலய்யா நெல்லூர்ப் பக்கத்திலிருந்து நம் தெலுங்குத் தெரு கெங்கம்மாளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட பையன். செங்கல் சூளை லாரியைச் சிவனே என்று ஓட்டிகினு இருந்தவனை, பட்டாளத்து லாரி ஓட்டினால் வாழ்க்கை தூக்கிவிடும் என்று ஆவடிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டது நான்தான். பர்மா ரோட்டில் லாரியோடு போய்விட்டான். தந்தியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்ததும் நான்தான். மூணு வருஷமாச்சு மச்சான், இன்னும் அந்தத் தெரு வழியா போனா தலையக் குனிஞ்சுகினுதான் போறேன். அவன் பேரையாவது ஒழுங்கா நிறுத்திடணும்னு நெனச்சேன், அவ்ளோதான்.

மொதல்ல வந்தான் காங்கிரஸ் மணவாளன். "வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய் செத்தவனுக்கு வெள்ளைக்காரன் கல்லுல பேரா? அதுவும் சுதந்திரத்தன்னிக்கா?"ன்னு எகிறினான். நான் சொன்னேன், "கல்லு பல்லாவரத்துக் கல்லு, செத்தவன் நம்மூரு ஆளு, அழுவறவ நம்மூருப் பொம்பள, இதுல வெள்ளைக்காரன் எங்கடா வந்தான்?"னேன். அப்பாடான்னு உக்காரல, சோடாக்கடை தேவராஜ் எழுந்தான். மூணு பேரும் தமிழ்லதான் வெட்டணும்னான். கெங்கம்மா எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அவருக்குத் தெரிஞ்ச எழுத்துல இருக்கட்டும் அண்ணே." அதைச் சொன்னேன். "இன்னா அண்ணாத்தே, இன்னிக்குக் கல்லுல எழுத்து கேப்பாங்க, நாளைக்கு மெட்ராஸே எங்களுதும்பாங்க"ன்னான். அதுக்குத் தெலுங்குத் தெரு பெரியவர் முனிரத்தினம் தோள்துண்டை ஒதறினாரு. பன்னெண்டு ஊடும் ஒரே பேச்சு, எங்க எழுத்து இல்லேன்னா எங்க ஆளு பேரே வேணாம்னுட்டாங்க. மரத்தடியில மூணு வாரம் சண்டை. கடைசியில நான்தான் தேவராஜைத் தனியாக் கூப்பிட்டு, "ஏம்பா, முப்பத்தெட்டுல இந்தி வேணாம்னு ரெண்டு மாசம் உள்ள இருந்தவன் நீ. எம் பாஷையில கை வெக்காதேன்னுதானே போனே? அவங்களும் அதையேதானே கேக்கறாங்க?"ன்னேன். மூணு நாளு அவன் யாருக்கும் சோடா ஒடைக்கல. நாலாம் நாளு வந்தான். "சரி, வெட்டிக்கட்டும். ஆனா தமிழைவிட ஒரு நூலு பெரிசா இருந்துச்சு, பாத்துக்க"ன்னான்.

வெற்றின்னு மேளம் வெக்காத கொறைதான். "சரி, எழுதிக் குடுங்க"ன்னு கல்தச்சன் அய்யாசாமி கேட்டான். அப்பதான் மச்சான், அந்தக் கூத்து வெளிய வந்துச்சு. தெலுங்குத் தெருவுல முனிரத்தினம் ஒருத்தரைப் பாக்கறாரு, அவரு இன்னொருத்தரைப் பாக்கறாரு. பன்னெண்டு ஊட்லயும் வாய் தெறந்தா தெலுங்குதான், ஆனா எழுத ஒருத்தனுக்கும் தெரியாது! தெருக்கோடி இஸ்கூல்ல தமிழ்தானே சொல்லிக் குடுக்கறாங்க. "மூணு வாரம் எதுக்குய்யா அடிச்சிகினீங்க?"ன்னு நான் கேட்டா, "அதுக்காக உட்டுட முடியுமா?"ன்றாரு முனிரத்தினம். அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு எனக்கு.

பூந்தமல்லியில ஒரு ஜவுளிக்கடை குமாஸ்தாவுக்குத் தெலுங்கு சுத்தமாத் தெரியும்னாங்க. நான் போனேன். கடையில கூட்டம். "பேரு சொல்லிட்டுப் போங்க, சாயங்கால வண்டியில எழுதி அனுப்பறேன்"னான். வண்டிக்காரன் கிட்ட மடிச்ச காயிதம் வந்துச்சு. பிரிச்சேன். முத்து முத்தா எழுத்து, நாலு வரி. பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். அய்யாசாமி கையில குடுத்தேன். தமிழ்ப் பேரு ரெண்டும் ஏற்கெனவே வெட்டியாச்சு. இதையும் ராவும் பகலுமா வெட்டி முடிச்சு, கல்லைத் தூக்கி நிறுத்தினான்.

முந்தாநாள் வியாழக்கிழமை காலையில, நிறுத்தின கல்லைப் பாக்க ஊரே கூடிச்சு. தெலுங்குத் தெருவே மஞ்சள் குங்குமத்தோட வந்து நின்னுச்சு. முனிரத்தினம் எழுத்து எழுத்தாத் தடவிப் பாத்து, "எங்க பாஷை எழுத்து எவ்ளோ அழகு பாத்தியா"ன்னு கண்ணத் தொடச்சிகினாரு. தேவராஜ் மட்டும் நூலு போட்டு அளந்துட்டு, "சின்னசாமிக்கு ஒரு வரி, வேம்புலிக்கு ஒரு வரி, பெஞ்சலய்யாவுக்கு நாலு வரியா? தமிழன் செத்தா செலவு கம்மியா?"ன்னு குதிச்சான். "அந்த பாஷைல அப்படித்தான் வரும்"னு அதட்டினேன். என்னமோ எல்லாம் தெரிஞ்ச மாதிரி! அப்பதான் கெங்கம்மா சூளையிலேர்ந்து வந்தா. கூடையை எறக்கி வெச்சா. கல்லைப் பாத்தா. அப்பால கடகடன்னு படிச்சா, மச்சான். தெலுங்குல ஒரு தரம் படிச்சு, தமிழ்ல ஒரு தரம் சொன்னா.

"பெரியவருக்கு நமஸ்காரம். நீங்க கேட்ட பேரு பின்பக்கம் எழுதியிருக்கு. நீங்க மறந்து வெச்சிட்டுப் போன குடை எங்க கடையிலயே கீது. வெள்ளிக்கிழமை கடை லீவு, மத்த நாள்ல வந்து வாங்கிக்குங்க."

தெலுங்குல பேரு கேட்டு வந்த ஆளு தெலுங்கு படிப்பான்னு நெனச்சிட்டான் அந்த மவராசன். காயிதத்தத் திருப்பிப் பாக்கணும்னு எனக்கும் தோணல, அய்யாசாமிக்கும் தோணல. தேவராஜ் சிரிச்ச சிரிப்பு திருநின்றவூர் வரைக்கும் கேட்டிருக்கும். முனிரத்தினம் குங்குமத் தட்டை முதுகுக்குப் பின்னால மறைச்சாரு. "உனக்கு எப்படிம்மா படிக்க வரும்?"னு கேட்டேன். "அவருதான் கத்துக் குடுத்தாரு. பர்மாவுலேர்ந்து வந்த கடுதாசியெல்லாம் நானேதான் படிச்சேன்"னா. ஊரே தபால்காரர் படிச்சுக் காட்டறாருன்னு நெனச்சுகினு இருந்துச்சு. "ஏண்ணே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னுட்டு, கூடையைத் தூக்கிகினு போயிட்டா. அழல, திட்டல. திட்டியிருந்தா தேவலாம்.

அவ புருஷனை அனுப்பி வெச்சதும் நான், அவன் பேரு இருக்கவேண்டிய எடத்துல என் குடைய நட்டு வெச்சதும் நான். மணவாளன் கல்லே வேணாம், கொடிக்கம்பம் போதும்னு மறுபடி ஆரம்பிச்சுட்டான். ஆகையால் கமிட்டிக்கு ராஜிநாமா எழுதி வைத்துவிட்டேன். பதினாலாம் தேதி ரயிலேறுகிறேன். சுதந்திரத்தை அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன். குடை விஷயத்தில் உன்னைச் சந்தேகித்ததற்கு மன்னிக்கவும்.

நெருப்பில் தவமிருந்த தாய் மாங்காட்டுக் காமாட்சி கடாட்சத்தால் நீயும் உன் சம்சாரமும் குழந்தைகளும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டுகிற,

உன் மாமா,
கோதண்டம்
(முன்னாள் கேட் கீப்பர், முன்னாள் காரியதரிசி)

பின்குறிப்பு, 11-8-1947, திங்கட்கிழமை சாயங்காலம்: மேலே எழுதினதையெல்லாம் அடிச்சிடு. நேத்து ஞாயித்துக்கிழமை, தபாலாபீஸ் சாத்தியிருந்ததால கடுதாசி என் கையிலயே தங்கிடுச்சு. நல்லதாப் போச்சு. ஊடு பாக்காதே. நான் வரல.

சனிக்கிழமை இந்தக் கடுதாசிய எழுதி மடிச்சு வெச்சேன், வாசல்ல தேவராஜ் நிக்கறான். என்னைக் கேலி பண்ண வந்தான்னு நெனச்சேன். "அண்ணாத்தே, எனக்குத் தூக்கமே வரல. அந்தப் பொண்ணு மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது. கல்லுக்கு இன்னொரு பக்கமும் கீதே, வா"ன்னு கையப் புடிச்சு இழுத்துகினு போனான். அவனும் முனிரத்தினமும் ஆளுக்கொரு பக்கம் கடப்பாரை போட்டுக் கல்லைத் திருப்பினாங்க. மணவாளன் கூட வந்து ஒரு கை குடுத்தான். காயிதத்தோட சரியான பக்கத்தை அய்யாசாமி கண்ணுக்கு நேரா நானே புடிச்சுகினு குந்தினேன், ரெண்டு நாளும். மூணு பேரோட பேரையும் புதுசா வெட்டினோம், மூணுக்கும் ஒரே அளவு. நூலு போட்டது தேவராஜ்தான்.

சரியா கீதான்னு இன்னிக்குக் கெங்கம்மாவை நானே போய்க் கூட்டியாந்தேன். வந்து நின்னா. பாத்தா. வாயே தெறக்கல. "தப்பாம்மா?"ன்னேன். இல்லேன்னு தலையாட்டினா. "அப்ப படிச்சு சொல்லேம்மா, அன்னிக்குக் கடகடன்னு படிச்சியே"ன்னாரு முனிரத்தினம். அவ முந்தானைய இழுத்து வாய மூடிகினு, மூஞ்சியத் திருப்பிகினா. "அதை நான் எப்படி அண்ணே என் வாயால சொல்றது?"ன்னா.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒண்ணும் வெளங்கல. அப்பால தேவராஜ்தான் தலையில கட்டியிருந்த துண்டை அவுத்தான். "சரியாத்தான் கீது"ன்னான். நான் அழுதேன் மச்சான், சொல்றதுக்கு வெக்கம் ஒண்ணுமில்ல.

பின்பக்கம் குடை சமாச்சாரத்தைச் செதுக்கி எடுத்துடலாம்னு அய்யாசாமி உளிய எடுத்தான். கெங்கம்மா வேணாம்னுட்டா. "இருக்கட்டும். அவரும் எதையாவது மறந்துட்டு மறந்துட்டுத்தான் திரும்பி வருவாரு"ன்னா. இப்போ தெலுங்குத் தெருவுல எட்டு ஊட்லேர்ந்து சாயங்காலமானா அவகிட்ட எழுத்து கத்துக்கப் போறதாப் பேச்சு. மொத ஆளா பேரு குடுத்திருக்கறது முனிரத்தினம், அறுபத்தஞ்சு வயசுல.

எல்லாரும் கலைஞ்சப்புறம், மரத்தடியில உட்டுட்டு வந்த என் மூக்குக்கண்ணாடிய எடுக்கத் திரும்பிப் போனேன். கெங்கம்மா தனியா நின்னுகினு இருந்தா. எழுத்து மேல விரல வெச்சு, ஒரே ஒரு தரம், மெதுவா, அந்தப் பேரைச் சொன்னா. நான் கேக்காத மாதிரி வந்துட்டேன். கண்ணாடி இன்னும் அங்கதான் கீது. இதை உன் அக்காகிட்ட கூட நான் சொல்லல, நீயும் சொல்லாதே.

வியாழக்கிழமை ரயில்ல குடும்பத்தோட வந்துடு. ராத்திரி படுக்க எடம் இருக்கு. மழை வரும்போல கீது, மறக்காம குடை எடுத்துகினு வா. என்னுது இன்னும் பூந்தமல்லியிலதான் கீது.