சாஸ்கட்டூனில் தொங்கும் நிம்மதி

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் உயர்ந்தது நெருப்பல்ல, சக்கரமும் அல்ல. அடுத்தவர் மனம் நோகாதபடி எதையும் சொல்லாமலிருக்கும் கலைதான். அந்தக் கலையின் உலகத் தலைமையகம் கியோத்தோவில், ஒரு சலவைக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. நான் அங்கேதான் வேலை செய்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் உன்கெய்தோ. வெளிநாட்டவர் கேட்கும் சொல்லைத் தூரிகையால் எழுதுகிறோம். பட்டின்மேல் ஒட்டி, சுவரில் தொங்கும் சுருளாக்கி அனுப்புகிறோம். ‘துணிவு’ கேட்பார்கள். ‘விதி’ கேட்பார்கள். ‘என் நாய் ராக்கியின் நினைவாக’ என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ‘வெளிநாட்டு வாடிக்கையாளர் மனநிறைவுப் பிரிவின்’ துணைத் தலைவர். பிரிவில் இருப்பது நானும் தொகுராவும் மட்டும். தலைவர் பதவி காலி. “நீங்களே ஏத்துக்கணும்” என்று நான் அவரிடமும், “ஐயோ, நீங்க இருக்கும்போதா” என்று அவர் என்னிடமும் சொல்லிக்கொண்டிருப்பதால் அது வருடக்கணக்கில் நிரம்பவில்லை.

எங்கள் மரியாதையின் ஆழத்துக்கு ஒரு சான்று தருகிறேன். முன்பெல்லாம் சுருளோடு ஒரு குறிப்புத்தாள் போகும். எது மேல், எது கீழ் என்று அம்புக்குறி போட்ட படம் அதில் இருக்கும். ஒருநாள் முதலாளி இனுகாய் அதைக் கையில் எடுத்துப் பார்த்து வெளிறிப்போனார்.

“என்னய்யா இது? மேல் எது கீழ் எதுன்னு தெரியாத ஆளுன்னு வாடிக்கையாளரப் பாத்துச் சொல்றோமா?”

படம் அன்றே நீக்கப்பட்டது. இப்போது தாளில் ஒரு வரிதான்: ‘தங்கள் விருப்பம்போல் மாட்டி மகிழ்வீர்களாக.’

கனடாவில் சாஸ்கட்டூன் என்றொரு ஊர். அங்கே பிரெண்ட் கோவால்சிக் என்ற பல் மருத்துவர். நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு ‘நிம்மதி’ வேண்டுமென்று எழுதியிருந்தார். கூடவே, அதுவரை யாரும் கேட்காத ஒன்றையும் கேட்டிருந்தார். எழுதுகிறவரின் சொந்தப் பெயர் அதில் இருக்க வேண்டும்.

எங்களிடம் எழுதுகிறவர் ஒருவரே. மொமோசெ மிட்சுயோ. என் வயதுதான். அவர் எழுதிய எல்லாவற்றின்மேலும் அதுவரை நிறுவனத்தின் முத்திரையே விழுந்திருந்தது. நான் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவர் நூடுல்ஸ் திணித்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். மெல்லுவது நின்றது.

“யார் பேரு?”

“உங்க பேருதான், மொமோசெ-சான்.”

“இன்னொரு தடவ படிங்க.”

படித்தேன். ரொட்டி முடியும்வரை படிக்க வைத்தார்.

மறுநாள் தன் பெயரைக் கல்லில் முத்திரையாகச் செதுக்கச் செய்து வாங்கிவந்தார். எழுதினார், கிழித்தார். எழுதினார், கிழித்தார். கடைசியில் ஒன்று கிழியாமல் நின்றது. எங்கள் மொழியில் ‘நிம்மதி’ இரண்டே எழுத்து. இடப்பக்கம், கீழ் மூலையில், சிவப்பாக ஒரு சிறிய முத்திரை. அதைப் பார்த்துத் தொகுரா தன்னை மறந்து வணங்கினார். பிறகு, வணங்கியது மொமோசெக்குச் சங்கடமாக இருந்திருக்குமோ என்று அதற்காக மன்னிப்புக் கேட்டு மறுபடி வணங்கினார்.

சுருள் போயிற்று. புகைப்படம் வந்தது. ஐந்து நட்சத்திரம்.

கோவால்சிக் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். பின்னால் சுருள். அடியில் கனத்துக்காக வைக்கும் உருளைத் தடியைத் திரைச்சீலைக் கம்பியென்று எண்ணி, சுவரில் இரண்டு கொக்கி அடித்து அதை உச்சியில் ஏற்றியிருந்தார். ஆணியில் மாட்ட வேண்டிய கயிறு கீழே தொங்கியது. சும்மா தொங்குவானேன் என்று அதில் ஒரு பிளாஸ்டிக் கடைவாய்ப்பல்லைக் கட்டிவிட்டிருந்தார். நிம்மதி தலைகீழாக நின்றது. மொமோசெயின் பெயர் வலப்பக்க உச்சியில், கால் மேலாக.

மொமோசெ படத்தை வாங்கினார். பார்த்தார். படத்தைத் திருப்பிப் பிடித்தார். மருத்துவர் தலைகீழானார்.

“ஒரு வரி எழுதுங்க, நிவா-சான். ‘ஐயா, திருப்பி மாட்டுங்க.’ அவ்வளவுதான்.”

“எழுதலாம்... ஆனா அவரு இவ்வளவு சந்தோஷமா...” என்று இழுத்தேன்.

“என் பேரு மொத மொதல்ல வெளிய போயிருக்கு. போன எடத்துல சிரசாசனம் பண்ணிக்கிட்டு நிக்குது. அது நிமிர்ற வரைக்கும் நான் தூரிகையத் தொடமாட்டேன்.”

கலைஞர்களுக்கு இப்படிச் சின்ன விஷயங்களில் பிடிவாதம் உண்டு.

அவசரக் கூட்டம் கூடியது. முதலாளி தேநீரை ஊதிக் குடித்துவிட்டுக் கொள்கையை அறிவித்தார்.

“அவருகிட்ட சொல்லணும். ஆனா சொன்ன மாதிரி இருக்கக் கூடாது.”

எல்லோரும் ஆமோதித்தோம். நான் வரைந்த கடிதம் எங்கள் துறையில் ஒரு மைல்கல் என்று சொல்லப்படுகிறது. ‘தங்கள் ஊரில் பனிக்காலம் தொடங்கியிருக்கும். இங்கும் பனி மேலிருந்து கீழ்நோக்கியே விழுகிறது. எப்பொருளுக்கும் மேல் என்றும் கீழ் என்றும் ஒன்று இருப்பதை எண்ணி வியக்கிறோம்.’

பதில் வந்தது: ‘அழகான கடிதம்! இங்கே காற்று பலம். பனி பக்கவாட்டில் போகும்.’

தொகுரா நடுங்கிப்போனார். “ஐயோ, பக்கவாட்டுல மாட்டிடப் போறாருங்க!”

மேற்கொண்டு பனியைப் பற்றிப் பேசுவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்து நிறுவனத்தின் நாட்காட்டி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினோம். அட்டையில் ஒரு சுருளின் படம். கயிறு மேலே, தடி கீழே, நேராக. இதைப் பார்த்துமா புரியாது?

அவருக்குப் புரிந்தது. ‘உங்கள் நாட்டில் வேறு மாதிரி மாட்டுவீர்கள் போலிருக்கிறது. சுவாரசியம்!’ என்று எழுதியிருந்தார்.

முதலாளி கடிதத்தை மரியாதையாக மடித்தார். “பண்பாட்டு வேறுபாடு. நாம தலையிடக் கூடாது.”

“கனடாவுல என்ன பண்பாடு?” என்றார் மொமோசெ. “அங்கயும் மனுசன் தலை மேலதான இருக்கு?”

இதற்குள் எழுத வேண்டிய சொற்கள் சேர்ந்துவிட்டன. டெக்சஸ் ‘பொறுமை’க்காகப் பொறுமையிழந்து காத்திருந்தது. பெல்ஜியத்தில் ஒருவருக்குப் ‘பற்றின்மை’ உடனே தேவைப்பட்டது. மொமோசெ ஜன்னலோரம் உட்கார்ந்து காய்ந்த தூரிகையின் மயிரைச் சீவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முதலாளிக்கு ஞானம் பிறந்தது. கியோத்தோவுக்கு வடக்கே உள்ள அமானோஹாஷிதாதெ கடற்கரைக்குப் போகிற எவரும் குன்றின்மேல் கடலுக்கு முதுகு காட்டி நின்று, குனிந்து, தம் கால்களுக்கு இடையே அதைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கடல் வானமாகும். வானம் கடலாகும். முதலாளி மேசையைத் தட்டினார்.

“சுருளத் திருப்பணும்னு யாருய்யா சொன்னது? ஆளத் திருப்புவோம்!”

அறையில் எல்லோரும் எழுந்தோம். பிறகு கைதட்டல். தொகுராவின் கண்கள் கலங்கின. வாடிக்கையாளர் தவறு செய்யவில்லை. சுருளும் தவறாகத் தொங்கவில்லை. உலகில் எதையும் திருத்த வேண்டியதில்லை. எல்லோரும் குனிந்தால் போதும்.

‘எங்கள் நாட்டில் மிக அரிய காட்சிகளை மட்டும் இவ்வாறு காண்பது மரபு’ என்று எழுதி, குனியும் முறையைக் காட்டும் அம்புக்குறிப் படமும் வைத்து அனுப்பினேன். மனிதர்களுக்கு அம்புக்குறி போடுவதில் முதலாளிக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்த புகைப்படத்தை எங்களால் மறக்க முடியாது. மருத்துவர், இரண்டு தாதிகள், கழுத்தில் துண்டு கட்டிய நோயாளிகள். வரிசையாகப் பின்புறங்கள். கீழே, கால்களுக்கு இடையே, சிவந்த முகங்கள். ஒருவர் வாயில் பஞ்சு. ‘ஊசிக்குப் பயந்தவர்கள்கூடக் குனிந்ததும் சிரித்துவிடுகிறார்கள். உண்மையாகவே நிம்மதி!’ என்று எழுதியிருந்தார். ஆறாவது நட்சத்திரம் இல்லாததற்கு வருந்தியும் இருந்தார்.

முதலாளி படத்தை மொமோசெயிடம் நீட்டினார். “பாத்தீங்களா? இப்ப உங்க பேர நேராத்தான் படிக்கிறாங்க.”

“அவங்களுக்கு நம்ம பாஷையே படிக்கத் தெரியாதேய்யா!” என்றார் மொமோசெ. பிறகு என்னைப் பார்த்தார். “அந்த ஆள காணொளியில கூப்பிடுங்க. நானே பேசறேன். நீங்க மொழிபெயர்த்தாப் போதும். சொன்னத அப்படியே.”

கூப்பிட்டோம். திரையில் கோவால்சிக் கையசைத்தார். அவர் தோளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பல் ஆடிக்கொண்டிருந்தது. முதலாளியும் தொகுராவும் அவர் கண்ணில் படாதவாறு கதவருகில் நின்றார்கள்.

“டாக்டர், அது தலைகீழாத் தொங்குது!” என்றார் மொமோசெ.

“தங்கள் சுவரை எல்லாக் கோணத்திலிருந்தும் ரசிப்பதாகச் சொல்கிறார்” என்று மொழிபெயர்த்தேன்.

“அடடா, ரொம்ப நன்றின்னு சொல்லுங்க!”

“என்ன சொன்னாரு?” என்றார் மொமோசெ.

“யோசிக்கிறேன்னாரு.”

“இதுல யோசிக்க என்னய்யா இருக்கு? திருப்பி மாட்டச் சொல்லுங்க!”

“எதையும் திருப்பிப் பார்க்கும் தங்கள் மனத்தைப் பாராட்டுகிறார்.”

மொமோசெ என்னை நம்புவதை அத்துடன் விட்டார். மேசையிலிருந்த என் தேநீர்க் கோப்பையை எடுத்துத் திரைக்கு முன்னால் நேராகப் பிடித்தார். சுவரைச் சுட்டினார். கோப்பையைக் கவிழ்த்தார். தேநீர் என் மடியில் விழுந்தது. மறுபடி சுவரைச் சுட்டினார்.

கோவால்சிக் முட்டாளல்ல. சிரிப்பு மெல்ல அடங்கியது. திரும்பிச் சுருளைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம்... நான் இத தப்பா மாட்டிட்டேனா? உண்மையச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

கதவருகில் முதலாளி இரண்டு கைகளையும் ஆட்டினார். தொகுரா கண்களை மூடிக்கொண்டார். மொமோசெ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். மடியில் தேநீர் சுட்டது. என் இத்தனை வருடப் பயிற்சியும் அந்தக் கணத்தில் எனக்குத் துணை நின்றது.

“நோ, நோ, நோ” என்றேன்.

மொமோசெக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் அது.

அவர் கோப்பையை நிமிர்த்தி மேசைமேல் வைத்தார். எழுதும் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் மை அரைக்கும் சத்தம் கேட்டது.

முதலாளி என் கையைப் பற்றிக் குலுக்கினார். “எழுத ஆரம்பிச்சுட்டாங்க! சாதிச்சுட்டீங்க, நிவா!”

உண்மையில் அன்றிலிருந்து மொமோசெ எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார். டெக்சஸ் பொறுமை பெற்றது. பெல்ஜியம் பற்றறுத்தது. அன்று முதலில் எழுதியதை மட்டும் அவர் யாரிடமும் காட்டவில்லை. அது பட்டில் ஒட்டி உலர்ந்ததும் ஒரு காலையில் எடுத்துவந்து, எங்கள் வரவேற்பறையின் மாடத்தில், விருந்தினர் உட்கார்ந்தால் நேரெதிரே தெரியும் இடத்தில், தானே மாட்டினார். கயிறு மேலே. தடி கீழே. நூல் பிடித்தாற்போல் நேராக.

‘சாஸ்கட்டூனில் என் பெயர் தலைகீழாகத் தொங்குகிறது. அந்த மனிதர் கேட்டார். நிவா இல்லை என்றான். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.’

இடது மூலையில், சிவப்பாக, அவர் முத்திரை.

அவசரக் கூட்டம் கூடியது.

“எடுக்கச் சொல்லணும்” என்றார் முதலாளி. “ஆனா சொன்ன மாதிரி இருக்கக் கூடாது.”

அந்தப் பொறுப்பும் எனக்கே வந்தது. நான் மொமோசெயின் ஜன்னலருகே போய் நின்று மரத்தைப் பார்த்தேன்.

“இலையெல்லாம் இறங்கிருச்சு பாத்தீங்களா, மொமோசெ-சான்.”

“ஆமா” என்றார் அவர், ரொட்டியை மென்றபடி. “அங்க அது நிமிரட்டும். இங்க இது இறங்கும்.”

விருந்தினர்கள் வருகிறார்கள். உட்காருகிறார்கள். சுருளைப் படிக்கிறார்கள். என் பெயரட்டையைப் படிக்கிறார்கள். சுருளை மறுபடி படிக்கிறார்கள். “என்ன அழகான எழுத்து!” என்கிறார்கள். நாங்கள் ஆழமாகக் குனிந்து நன்றி சொல்கிறோம். எங்கள் ஊரில் இதைவிட வளர்ந்த நாகரிகம் சாத்தியமில்லை.

ஒரே ஒரு சிக்கல். வசந்த காலத்தில் கோவால்சிக் மனைவியோடு கியோத்தோ வருகிறார். எங்களை நேரில் காண வேண்டுமாம். சுவரிலிருப்பதைப் படிக்கும் ஆசையில் எங்கள் எழுத்தைக் கற்றுவருகிறாராம். கற்றது சுவரிலிருப்பதோடு ஏனோ ஒத்துப்போகவில்லையாம். தன் மூளையில்தான் கோளாறு என்று மன்னிப்புக் கேட்டிருந்தார்.

முதலாளி நீண்ட நேரம் யோசித்தார். பிறகு, மருத்துவர் வருகையன்று வரவேற்பறைச் சுருளையும் ‘மரபுப்படி’ காண அழைப்பது என்று முடிவாயிற்று. முதுகு காட்டி, குனிந்து, கால்களுக்கு இடையே. அப்படிப் பார்த்தால் எதையும் படிக்க முடியாதல்லவா?

ஒத்திகை பார்க்க என்னை அனுப்பினார்கள். மாடத்துக்கு முதுகு காட்டி நின்றேன். குனிவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. திசைதான் புதிது. கால்களுக்கு இடையே சுருள் தெரிந்தது.

“என்ன நிவா?” என்று முதலாளி கதவருகிலிருந்து கவலையோடு கேட்டார். “படிக்க முடியுதா?”

மொமோசெயின் கை அபாரமானது. தலைகீழாகவும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக நின்றது. என் பெயர் எல்லாவற்றையும்விடத் தெளிவாக.

“இல்லீங்க” என்றேன். “இல்லீங்க, இல்லீங்க.”