நின்றால் கட்டடம், ஓடினால் மூட்டை

"சக்கரம் வச்ச வீட்டுக்கு எங்க கம்பெனியில பாலிசி கிடையாது அண்ணாச்சி" என்றார் அகமது கபீர்.

"அப்போ மோட்டார்னு எழுதிக்கிடும்."

"மோட்டார்னா எஞ்சின் வேணுமே!"

பிச்சைமணி தன் மரக்கடை முற்றத்தில் நின்ற அந்தப் பொருளை ஒரு முறை சுற்றி வந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டான அகமது கபீரும் பின்னாலேயே சுற்றி வந்தார். எந்தப் பக்கத்திலும் எஞ்சின் இல்லை.

மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. ரெண்டு சக்கரத்தின் மேல் ஒரு மரவீடு. பிச்சைமணியின் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு மாட்டினால், கார் போகிற இடத்துக்கெல்லாம் வீடும் வரும். உள்ளே ரெண்டு படுக்கை, மடக்கு மேஜை, ஸ்டவ் வைக்க ஒரு மாடம், பூப்போட்ட திரை தொங்கும் ஜன்னல்கள். தென்காசிக்காரர்கள் அதற்கு வண்டிவீடு என்று பேர் வைத்திருந்தார்கள்.

பிச்சைமணி அதை வாங்கியதே அந்த ரெண்டு படுக்கைக்காகத்தான்.

குற்றாலத்தில் சாரல் விழுந்து, ஆடியும் பிறந்தால் போதும், கரிசல்காட்டுத் திருவேங்கடத்திலிருந்து அவருடைய அக்கா ஆவுடைத்தாய் குடும்பத்தோடு புறப்பட்டு வந்துவிடுவாள். அங்கே அந்த மாதங்களில் காற்றும் புழுதியும்தான். அக்கா, அத்தான் தளவாய், பெண்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள், அதுபோக அத்தானோடு பட்டாளத்தில் இருந்தவர் என்று வருஷா வருஷம் புதிதாக ஒருத்தர். எல்லாரும் பிச்சைமணி வீட்டில் தங்கி அருவிக்குப் போய்வருவார்கள். அவருடைய கட்டிலில் அத்தான் படுப்பார். அவர் கடையில் தேக்குக் கட்டைகளுக்கு நடுவில் படுப்பார். அத்தான் பெரிய யுத்தத்தின்போது மெசபடோமியாவுக்குப் போனவர். யுத்தம் முடிந்து உலகமே மறந்துவிட்டது. பிச்சைமணி வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் அது இன்னும் நடந்துகொண்டிருந்தது.

"இந்த வருஷம் அவுக வாறதுக்குள்ள நாம வீட்டைப் பூட்டிட்டுக் குத்தாலத்துக்குப் போயிருவோம்" என்று மனைவி செண்பகவல்லியிடம் ரகசியமாகச் சொன்னார். "தேடிக்கிட்டு வந்தாலும் வண்டிவீட்டுல ரெண்டே படுக்கை. மூணாவது ஆளை நான் எங்கன போடுவேன்?"

செண்பகவல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ரெண்டுதானா?" என்றாள்.

"நமக்குப் போதாதா?"

பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகிக் கொழும்பிலும் ரங்கூனிலும் இருந்தார்கள். செண்பகவல்லி ஜன்னல் திரையை இழுத்துப் பார்த்து மூடினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் பிறகு. "ஆனா இன்ஷூரன்ஸ் போடாம நான் இதுல காலை வைக்க மாட்டேன்."

இந்த வார்த்தையை அவள் எங்கே பிடித்தாள் என்று பிச்சைமணி யோசிக்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லாமல் இருந்தாளே என்ற சந்தோஷத்தில் அன்றைக்கே கபீருக்கு ஆள் அனுப்பினார்.

இப்போது கபீர் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு வழி சொன்னார். "சக்கரத்தைக் கழத்திருங்க அண்ணாச்சி. சக்கரம் இல்லேன்னா அது வீடு. நெருப்புப் பாலிசி எழுதிரலாம்."

"சக்கரம் இல்லாம குத்தாலத்துக்கு எப்படிவே போகும்?"

"பாலிசி வந்ததும் மாட்டிக்கிடுங்க."

"மாட்டினா மறுபடியும் வண்டியாயிருமே!"

"அதை மேனேஜர் பார்த்துக்கிடுவாக. திருநெல்வேலியில இருந்து அவுக நேர்ல வந்து பார்க்கணும். முதல்ல கழத்துங்க."

சக்கரங்களைக் கழற்றி, நாலு மூலைக்கும் கல் கொடுத்து வண்டிவீட்டை உட்கார வைத்தார்கள். மேனேஜர் வருவதற்குள் மூன்று நாள் சாரல் தென்காசி வரைக்கும் அடித்து, முற்றத்து மண்ணைக் கூழாக்கிவிட்டது.

மேனேஜர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. எதைக் காட்டினாலும் "உம்" என்றார். வண்டிவீட்டுக்குள் ஏறினார். படுக்கையில் உட்கார்ந்து பார்த்தார். "உம்" என்றார். அந்த 'உம்' முடிவதற்குள் கீழே ஒரு கல் சேற்றில் புதைந்தது. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாசல்கதவு பக்கத்திலிருந்த மர அடுக்கோடு ஒட்டிக்கொண்டது.

"கதவைத் தொறங்க!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"தொறக்க இடமில்லை சார்! ஜன்னல் வழியா வாங்க!"

முதலில் அவருடைய செருப்பு வந்தது, அப்புறம் தலை வந்தது, பூப்போட்ட திரை முக்காடு மாதிரி கூடவே வந்தது. கபீரும் பிச்சைமணியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். தரையில் கால் பட்டதும் மேனேஜர் சொன்ன ஒரே பேச்சு: "வீடுன்னா சாயாது. இது வீடு இல்லை."

அவரை ரயிலேற்றிவிட்டுக் கபீர் திரும்பி வந்தார். "கவலைப்படாதீங்க அண்ணாச்சி. வீடு இல்லேன்னா வண்டி. மாட்டுவண்டிக்கு எங்ககிட்ட பாலிசி இருக்கு. மாடு பூட்டி ஓட்டுறதை நான் ஒருதரம் கண்ணால பார்த்தேன்னு எழுதிக் குடுத்தாப் போதும்."

சக்கரம் மறுபடியும் ஏறியது. கடையில் மரம் இழுக்கிற காளைகள் இரண்டைப் பூட்டினார்கள். தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதும் என்று ஏற்பாடு. பிச்சைமணி உள்ளே ஏறி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

அந்தக் காளைகளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். கழுத்தில் பாரம் ஏறினால் ரயில்வே ஸ்டேஷன். தெருமுனையில் திருப்பப் பார்த்த வண்டிக்காரனை அவை மதிக்கவில்லை. கயிறு அவன் கையிலிருந்து நழுவியது. வண்டிவீடு கடைத்தெருவுக்குள் நுழைந்தது. பலசரக்குக் கடையில் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார்கள்.

"பிச்சைமணி அண்ணாச்சி வீடு போகுது டோய்!"

"அண்ணாச்சி உள்ளதான் நிக்காரு!"

பிச்சைமணி முதலில் "பிடிங்கலே! பிடிங்கலே!" என்று கத்தினார். கூட்டம் பெருத்ததும் வேண்டுமென்றே போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டார். காளைகள் ஸ்டேஷனில் சரக்கு இறக்குகிற மேடையை ஒட்டி, வழக்கமான இடத்தில் நின்று, வழக்கம்போல் சாணி போட்டன.

சரக்கு குமாஸ்தா வெளியே வந்து வண்டிவீட்டை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊருக்கு புக்கிங்?" என்றார்.

மூச்சு வாங்க ஓடி வந்த கபீர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் மலர்ந்தது. "அண்ணாச்சி! வழி ஆம்புட்டுட்டு! ஓடும்போது இது உங்க காரோட மூட்டை. நிக்கும்போது கட்டடம். மூட்டைக்கு ஒரு பாலிசி, கட்டடத்துக்கு ஒரு பாலிசி!"

"ஓடி வந்து நிக்கப்போற அந்த நிமிஷத்துக்கு?"

"அதுக்கு அல்லா இருக்கான்."

பிச்சைமணிக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் போய்ச் செண்பகவல்லியிடம் சொன்னார். அவளும் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டுவிட்டு, "எதெதுக்கெல்லாம் குடுப்பாகளாம்?" என்றாள்.

மறுநாள் கபீர் வந்து நெருப்பு, திருட்டு என்று இரண்டு விரலை மடக்கினார்.

"இடி?" என்றாள் செண்பகவல்லி. "நம்மூர்க் கோபுரமே இடி விழுந்து எரிஞ்சு மொட்டையா நிக்கி. இது எம்மாத்திரம்?"

"நியாயமான கேள்விதான் ஆச்சி. மேனேஜரைக் கேட்கணும்."

இரண்டு நாள் கழித்து இடிக்குச் சம்மதம் வந்தது.

"மரம் விழுந்தா?"

"மேனேஜரைக் கேட்கணும்."

மரத்துக்கும் சம்மதம் வந்தது. அப்புறம் அருவி வெள்ளத்தைக் கேட்டாள். வெள்ளத்துக்கும் வந்தது. சாரலில் நனைந்து மெத்தை பூஞ்சணம் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அதைக் கேட்டுவரக் கபீர் போனவர் ஒரு வாரம் திரும்பவில்லை. பிச்சைமணி ஒவ்வொரு ரயில் கூவும்போதும், அக்கா வந்துவிட்டாளோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏட்டி, ஆனி முடிஞ்சுட்டு! இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

"குரங்கை விட்டுட்டோமே!" என்றாள் செண்பகவல்லி. "குத்தாலத்துக்குப் போறோம், குரங்குக்கு இன்ஷூரன்ஸ் இல்லாம எப்படி?"

கபீர் ரொம்ப நேரம் யோசித்தார். "குரங்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது. ஆனா கலகம்னு ஒரு இனம் இருக்கு. கூட்டமா வந்து அடிச்சு உடைக்கிறது. அதுல சேர்த்துரலாம்."

"ஒத்தைக் குரங்கு வந்தா?"

"ஒண்ணு வந்தாத் திருட்டு ஆச்சி. அஞ்சுக்கு மேல போனாத்தான் கலகம்."

"நாலு வந்தா?"

கபீர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மேனேஜரைக் கேட்கணும்."

ஆடி பிறந்து ஒரு நல்ல காலைப்பொழுதில், செண்பகவல்லி ஒரு வழியாகத் தலையை ஆட்டினாள். கபீர் பாலிசி இரண்டையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிச்சைமணி அரைமணி நேரத்தில் கொக்கியை மாட்டி, காருக்கு முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றி, எஞ்சினைக் கிளப்பிவிட்டார். தெரு அமைதியாக இருந்தது. அவருக்குப் பாட்டுக்கூட வந்தது.

வீட்டுக் கதவைப் பூட்டியவள் சாவியைத் தொலைத்தாள். தேடி எடுத்தாள். ஊறுகாய் ஜாடியை மறந்தாள். மறுபடியும் திறந்து எடுத்தாள். அவள் காரில் ஏறி உட்காரவும், தெருமுனையில் குதிரை வண்டிகள் வரிசையாகத் திரும்பவும் சரியாக இருந்தது.

"ஏலே பிச்சை!" என்று முதல் வண்டியிலிருந்து ஆவுடைத்தாயின் குரல் வந்தது. "எங்கலே பொறப்பட்டுட்டே?"

பிச்சைமணி வாயைத் திறப்பதற்குள் மனைவி காரிலிருந்து தலையை நீட்டினாள்.

"உங்களைக் கூப்பிடத்தான் ஸ்டேஷனுக்குப் பொறப்பட்டோம் மதினி!" என்றாள் செண்பகவல்லி.

தளவாய் இறங்கி வண்டிவீட்டை ஒரு சுற்று வந்தார். பட்டாளத்து மீசை துடித்தது. "கூப்பிட வீடே வருதா? மாப்ளேன்னா இப்படில்லா இருக்கணும்!" என்று பிச்சைமணியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் யாரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்களும் பிள்ளைகளும் வண்டிவீட்டுக்குள் ஏறினார்கள். மருமகன்கள் காரின் இரண்டு பக்கப் படிப்பலகையிலும் தொற்றிக்கொண்டார்கள். தளவாய் முன் சீட்டில் உட்கார்ந்து, "மெசபடோமியாவுல இப்படித்தான் மாப்ளே, ஒட்டகத்துக்குப் பின்னால..." என்று ஆரம்பித்தார். அந்தச் சின்னத் தூரம் முழுவதும் பிச்சைமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஓட்டினார்.

குற்றாலத்தில் இலுப்பை மரத்தடியில் வண்டிவீட்டை நிறுத்திக் கதவைத் திறந்ததும், உள்ளேயிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வழியில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆவுடைத்தாய் புளியோதரைச் சட்டியைத் திறந்த மறுகணம் கிளைகள் ஆடின. குரங்குகள் இறங்கின. பிச்சைமணி தன்னையறியாமல் எண்ணினார். ஆறாவது குரங்கு இறங்கியதும் கையைத் தட்டினார்.

"கலகம்! கலகம்! பாலிசியில இருக்கு!"

ஒன்றும் புரியாத தளவாய் ஒரு விறகுக் கட்டையைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்திக்கொண்டு, "சார்ஜ்!" என்று இங்கிலீஷில் கத்தியபடி ஓடினார். குரங்குகள் சட்டியோடு மரத்தின் மேலே போய்விட்டன. கடைசிக் குரங்கு அவருடைய தலைப்பாகையையும் கொண்டுபோயிற்று. பிச்சைமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வண்டிவீட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் அருவியில் அவரைப் பிடிக்க முடியவில்லை. அத்தானும் அவரும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்று, தலையில் விழுகிற அடி தாங்காமல் ஊளையிட்டார்கள். அக்கா அவர் தலையில் எண்ணெய் வைத்து அறைந்து தேய்த்தாள். பேத்தி ஒருத்தி அவர் முதுகில் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள்.

சாயங்காலம், சாரலும் வெயிலும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, கபீர் தன் மனைவி சைதூன் பீவியோடு அருவிக்கு வந்தார். பிச்சைமணி ஈரத்துண்டோடு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கபீரு, உம்ம மேனேஜர் மட்டும் ஒரு நாள் முந்திச் சம்மதிச்சிருந்தார்னா, நானும் இவளும் இங்கன வந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டுல்லாவே உக்காந்திருப்போம்! தங்கமான மனுஷன்! அவருக்கு ஒரு குலை நேந்திரம்பழம் குடுத்து விடணும்."

கபீர் இருமினார். செண்பகவல்லி அவசரமாக மதினியின் தலையைத் துவட்டப் போனாள். சைதூன் பீவி மட்டும் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"எங்க மாமாவுக்குத்தான அண்ணாச்சி? எங்கிட்டயே குடுங்க, 'நாத்தனா குடும்பம் வந்து சேருத வரைக்கும் எதையாவது சொல்லி இழுங்க'ன்னு நம்ம செண்பகவல்லி அக்கா கெஞ்சிக் கேட்டாகன்னுதான, பாவம், அவுக மேலப்பாளையத்துல அத்தர்க் கடையைப் பூட்டிப்போட்டு, கோட்டு இரவல் வாங்கி மாட்டிக்கிட்டு வந்தாக!"